நகையோடு விமானம் ஏறுவதா, வைத்துவிட்டுப் போவதா?

மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போகிற காட்பாடி அம்மா, சொந்தக்காரர் கல்யாணத்துக்காக மலேசியா கிளம்புகிற குடியாத்தம் குடும்பம், கணவரோடு மூன்று மாதம் இருந்துவிட்டு வர துபாய் போகிற வாணியம்பாடிப் பெண். பெட்டி கட்டும்போது எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: நகையை என்ன செய்வது? "புது ஊர், திருட்டுப் பயம், வேண்டாம்" என்பார் ஒருவர். "வெறுங்கழுத்தோடு போய் நிற்பாயா" என்பார் இன்னொருவர். இரண்டும் நியாயம்தான். ஆனால் இருவருமே சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்தியாவிலிருந்து நகையை வெளியே கொண்டுபோவது சுலபம். அதே நகையைத் திரும்ப உள்ளே கொண்டுவருவதற்குத்தான் ஆதாரம் வேண்டும்.

அதனால் "நகை எடுத்துப் போகலாமா" என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. ஒவ்வொரு நகையாகக் கையில் எடுத்துக் கேட்க வேண்டும். இது இங்கிருந்துதான் போனது என்று காட்டக் காகிதம் இருக்கிறதா? பயணம் முழுக்க உடம்பிலேயே இருக்குமா, கழற்றி எங்காவது வைக்க நேருமா? தொலைந்தால் கடையில் போய் இன்னொன்று வாங்கிவிடலாமா? மூன்றுக்கும் நல்ல பதில் வரும் நகை எடுத்துப் போகலாம். ஒன்றில் இடறினால் யோசிக்கலாம். இரண்டில் இடறினால் அது வீட்டு எல்லையைத் தாண்டவே வேண்டாம்.

திரும்பி வரும் வாசல்

வெளியே போகும் பயணி தன் சொந்த நகையை எடுத்துப் போக எடை வரம்போ மதிப்பு வரம்போ இல்லை. அது உண்மையிலேயே சொந்த உபயோக நகையாக இருந்தால் போதும். உள்ளே வரும்போது கதை வேறு. ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கியிருந்து திரும்புகிறவர்களுக்குத்தான் நகைக்கென்று வரிவிலக்கு இருக்கிறது: பெண்ணுக்கு 40 கிராம், மற்றவர்களுக்கு 20 கிராம். சவரன் கணக்கில் ஐந்தும் இரண்டரையும். 2016 விதியில் இதோடு பெண்ணுக்கு 1 லட்சம், ஆணுக்கு 50,000 ரூபாய் என்று மதிப்பு வரம்பும் ஒட்டிக்கொண்டிருந்தது. 2025 டிசம்பரில் சென்னையில் சவரன் ஒரு லட்சத்தைத் தாண்டியபோது அந்த வரம்புக்கு அர்த்தமே போய்விட்டது. 2026 பிப்ரவரியில் வந்த புதிய விதியில் ரூபாய் கணக்கை எடுத்துவிட்டு எடையை மட்டும் வைத்தார்கள்.

இதில் பலர் கவனிக்காதது அந்த "ஒரு வருடம்". பேரன் பிறந்து, தொட்டில் போட்டு, ஐந்து மாதத்தில் திரும்புகிற காட்பாடி அம்மாவுக்கு இந்த 40 கிராம் சலுகை பொருந்தாது. பத்து நாளில் திரும்பும் கல்யாணக் கும்பலுக்கும் பொருந்தாது. அவர்கள் கழுத்தில் இருப்பது "போகும்போதே போட்டுக்கொண்டு போனது" என்ற ஒரே தகுதியில்தான் உள்ளே வர வேண்டும். தேய்ந்த தாலிச்சரடையும் பழைய வளையலையும் பார்த்து யாரும் நிறுத்தப் போவதில்லை. பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். பளபளவென்று புது ஆரமும் பில் இல்லாத கல் செட்டும் வரும்போதுதான் கேள்வி. துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்களில் கேள்வி இன்னும் கூர்மையாக இருக்கும், ஏனென்றால் தங்கம் வாங்கி வருகிறவர்கள் வருகிற வழியும் அதுதான்.

தாலியை யாரும் தொட மாட்டார்கள் என்று நம்பியிருப்பதும் போதாது. 2023 டிசம்பரில் சென்னையில் இறங்கிய இலங்கைப் புதுமணப் பெண் ஒருவரின் தாலிக்கொடியையே சுங்கத்துறை பறிமுதல் செய்தது. திருப்பித் தரச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2025 தொடக்கத்தில் உத்தரவிட்டது. நியாயம் கிடைத்தது உண்மை. கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, வக்கீலும் வழக்கும் தேவைப்பட்டது என்பதும் உண்மை.

எக்ஸ்போர்ட் சர்டிபிகேட்

இதற்கு மருந்து புறப்படும்போதே வாங்கிக்கொள்ளும் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி உங்கள் நகையைப் பார்த்து, "இன்னார், இந்த பாஸ்போர்ட், இந்த நகைகளோடு வெளியே போகிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தித் தருகிற தாள். திரும்பி வரும்போது அதைக் காட்டினால் அதில் உள்ள நகைக்கு வரிப் பேச்சு கிடையாது. இப்படி ஒன்று இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பாதிப்பேர் "அங்கே யார் போய் நிற்பது" என்று விட்டுவிடுவார்கள். ஐந்தாறு சவரன் பழைய நகை என்றால் விட்டுவிடலாம், தப்பில்லை. பத்து சவரனைத் தாண்டினால், அல்லது அதில் புது நகை இருந்தால், அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழிப்பதே மலிவு.

வேலை வேலூரிலேயே தொடங்குகிறது. மீனம்பாக்கத்தில் தொடங்கினால் திண்டாட்டம். முதலில் பில். பில் இருக்கும் நகையை ஒரு பக்கம் வையுங்கள். பில் இல்லாத நகைக்கு அரசு அங்கீகாரம் பெற்ற நகை மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்க வேண்டும். அதில் ஒவ்வொரு நகைக்கும் தனி வரி: பெயர், மொத்த எடை, கல் எடை கழித்த எடை, தரம், கல்லின் எண்ணிக்கை, அன்றைய மதிப்பு. "செயின் 1" என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்து மாற்றி எழுதச் சொல்லுங்கள். "கோதுமைச் செயின், 24 அங்குலம், எஸ் கொக்கி, 23.850 கிராம்" என்று இருந்தால்தான் ஐந்து மாதம் கழித்து வேறோர் அதிகாரி அதைப் படித்துவிட்டு உங்கள் கழுத்தைப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

அடுத்தது படம். வெள்ளைத் துணியில் ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றையும் முன்பக்கம், பின்பக்கம் எடுங்கள். பிறகு ஹால்மார்க் முத்திரையை மட்டும் நெருக்கமாக ஒரு படம். வளையலில் அது உள்பக்கம் இருக்கும். செயினில் கொக்கிக்குப் பக்கத்துச் சிறு தகட்டில் இருக்கும். ஜிமிக்கியில் பின்புறத் தண்டை ஒட்டித் தேட வேண்டியிருக்கும். 2021 ஜூலையிலிருந்து புது முறையில் ஹால்மார்க் பெற்ற நகைகளில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22கே916 என்ற தரம், இவற்றோடு எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யு.ஐ.டி. என்ற ஆறு இலக்க அடையாள எண் இருக்கும். ஒவ்வொரு நகைக்கும் அது வேறு வேறு. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால் நகை எந்த வகை, என்ன தரம், எந்த மையத்தில் முத்திரை பெற்றது என்று வரும். "இது இந்தியாவில் வாங்கியது" என்று நிரூபிக்க இதைவிடக் கையடக்கமான சாட்சி கிடையாது. லாங் பஜாரில் இருபது வருடத்துக்கு முன் செய்த கே.டி.எம். நகைக்கு இது இருக்காது. ஹால்மார்க் மையத்தில் தரம் மட்டும் சோதித்து அறிக்கை வாங்கலாம். நான்கு உருப்படி வரை 200 ரூபாய் என்று பி.ஐ.எஸ். கட்டணம் வைத்திருக்கிறது. தரச் சான்று வேறு, மதிப்பீட்டுச் சான்று வேறு. சுங்கத்தில் கேட்பது இரண்டாவது.

விமான நிலையத்தில் செய்ய வேண்டியது குறைவு. பெட்டியை செக்-இன் கவுன்ட்டரில் போடுவதற்கு முன்பே சுங்க அதிகாரி எங்கே இருக்கிறார் என்று கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட், டிக்கெட், பில்கள், மதிப்பீட்டுச் சான்று இரண்டு நகல், படங்கள், நகை எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். நகையைப் பார்க்காமல் சான்று தர மாட்டார்கள். செக்-இன் பெட்டிக்குள் போய்விட்ட நகைக்குச் சான்று கிடையாது. தாள் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பாஸ்போர்ட் எண்ணையும் எடைகளையும் சரிபாருங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தால் பிறகு விளக்குவது பெரும்பாடு. செல்பேசியில் ஒரு படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டு, அசலை பாஸ்போர்ட்டோடு வையுங்கள், நகையோடு வேண்டாம். நகைப் பை தொலைந்தால் தாளாவது மிஞ்ச வேண்டும். போலீசில் புகார் எழுத அதுதான் உதவும்.

சான்று இருந்தும் மாட்டிக்கொள்கிற இடங்கள் உண்டு. முதலாவது, மாற்று நகை. சிங்கப்பூர் தேக்காவிலோ துபாய் தேராவிலோ பழைய வளையலைக் கொடுத்து அதே எடைக்குப் புது வளையல் வாங்கிவிடுகிறார்கள். எடை ஒன்றுதான், ஆனால் சான்றில் இருப்பது பழைய வளையல். புதியது வரி கட்ட வேண்டிய நகை. சொல்லாமல், அறிவிக்க எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நடந்தால் பறிமுதல் வரை போகும். இரண்டாவது, குடும்பச் சான்று. அம்மா பெயரில் எல்லா நகையையும் எழுதி வாங்கிவிட்டு, திரும்பும்போது மகள் ஒரு வாரம் முந்தி வருகிறாள், கழுத்தில் ஆரத்தோடு. தாள் அம்மாவிடம் அங்கே இருக்கிறது. யார் போட்டுக்கொண்டு திரும்புவார்களோ அவர்கள் பெயரில் தனித்தனியாக வாங்குவதே சரி. மூன்றாவது, சான்று இருக்கிறதே என்ற தைரியத்தில் பச்சை வழியில் போவது. அறிவிக்க ஏதாவது இருப்பவர்கள் போகும் சிவப்பு வழியில் போய் நீங்களே நீட்டினால் ஐந்து நிமிட வேலை. நிறுத்திக் கேட்ட பிறகு நீட்டினால் பதில் சொல்லும் இடத்தில் நிற்பீர்கள்.

கழுத்திலா, பையிலா

எடுத்துப் போவது என்று முடிவானால் அடுத்த கேள்வி எங்கே வைப்பது. செக்-இன் பெட்டி என்ற விடையை முதலிலேயே அழித்துவிடுங்கள். பெட்டி தொலைந்தால் விமான நிறுவனம் தர வேண்டியதற்கு, சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையில் உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது 2,000 டாலருக்குச் சற்று மேல். சவரன் ஒரு லட்சம் என்று வைத்தால் இரண்டு சவரனுக்கு நெருங்கலாம், அவ்வளவுதான். அதுகூட நகைக்குக் கிடைப்பது சந்தேகம்: பெட்டியில் நகை, பணம், முக்கியக் காகிதம் வைத்தால் பொறுப்பில்லை என்று டிக்கெட் நிபந்தனையிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். பயணக் காப்பீடும் நகை என்று வந்தால் பெரும்பாலும் விலக்கில் போட்டுவிடும், அல்லது ஓர் உருப்படிக்கு இவ்வளவுதான் என்று கையைக் கட்டும். பாலிசியில் "விலக்குகள்" பக்கத்தைப் படிக்காமல் அதை நம்பக் கூடாது.

தினமும் கழற்றாத நகை உடம்பில் இருக்கட்டும்: தாலி அல்லது கருகமணி, சின்னத் தோடு, மூக்குத்தி, ஒரு ஜோடி வளையல். பாதுகாப்புச் சோதனையில் கனமான நகை சத்தம் போடும். கையில் பிடிக்கும் கருவியால் தடவிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். வெளிநாட்டில் கழற்றச் சொன்னால் தனி அறையில் சோதிக்கும்படி கேட்கலாம். கழற்றத்தான் வேண்டும் என்றால் தட்டில் சும்மா போடாதீர்கள். ஜிப் உள்ள சின்னப் பைக்குள் போட்டு, அதைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடி, நீங்கள் கதவைத் தாண்டும் நேரத்தில் அந்தப் பை எந்திரத்துக்குள் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பையை முன்னால் தள்ளிவிட்டு நீங்கள் வரிசையில் பின்னால் நிற்கும் அந்த இரண்டு நிமிடம்தான் பலவீனம்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் எல்லாக் கொக்கிகளையும் பத்தரிடம் காட்டுங்கள். எஸ் கொக்கி வாய் திறந்திருக்கிறதா, தாலியில் குண்டும் காசும் கோத்த வளையம் தேய்ந்திருக்கிறதா, தோட்டுத் திருகாணி மரை போய் வழுக்குகிறதா என்று. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் குளிர்காலத்தில் நகை தொலைவதற்குத் திருடன்கூட வேண்டாம். குளிரில் விரல் சுருங்கும். வேலூர் வெயிலில் இறுக்கமாக இருந்த மோதிரம் அங்கே தளர்ந்து, கையுறையைக் கழற்றும்போது அதோடு கழன்று போகும். தலைவழியாக ஸ்வெட்டரைக் கழற்றும்போது செயின் கொக்கி மாட்டி இழுக்கும், ஜிமிக்கி நூலில் சிக்கும். மோதிரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவதே நல்லது.

இன்னொரு ஆபத்து, நம்மவர்கள் வீட்டில் தங்கம் இருக்கும் என்று அங்குள்ள திருடர்களுக்கும் தெரிந்திருப்பது. இங்கிலாந்தில் இந்திய, பாகிஸ்தானிய வீடுகளைக் குறிவைக்கும் நகைத் திருட்டுக்கு "ஏசியன் கோல்டு" என்று பெயரே இருக்கிறது. தீபாவளி சமயத்தில் போலீசே எச்சரிக்கும். கலிபோர்னியாவில் புடவை, சல்வாரில் தனியாக நடக்கும் வயதான பெண்களிடம் கார் நிறுத்தி வழி கேட்பார்கள், "அம்மாவைப் போல இருக்கிறீர்கள்" என்று கட்டிப் பிடிப்பார்கள், கழுத்தில் ஒரு மாலை போடுவார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் போட்டது பித்தளை, போனது தாலிச்சரடு. காலை நடைக்குப் போகும் அம்மாக்கள் செயினைத் துணிக்குள் விட்டுக்கொண்டு போவதும், கார் ஜன்னலுக்குப் பக்கத்தில் போகாமல் இருப்பதும் போதும்.

துபாய், ஷார்ஜா போகிறவர்களுக்குத் திருட்டுப் பயம் குறைவு. அங்கே கவனிக்க வேண்டியது வேறு. பணம், விலைமதிப்புள்ள உலோகம், கல் எல்லாம் சேர்த்து 60,000 திர்ஹாமுக்கு மேல் கையில் இருந்தால் உள்ளே போகும்போது அறிவிக்க வேண்டும். சவரன் ஒரு லட்சம் என்ற விலையில் ஏறக்குறைய பதினைந்து சவரனில் அந்தக் கோடு வந்துவிடும். அமெரிக்காவில் நீங்கள் போட்டுக்கொள்ளும் சொந்த நகைக்குத் தொந்தரவில்லை. ஆனால் மகளிடம் விட்டுவிட்டு வரப் போகும் நகை உங்கள் சொந்த உபயோகம் ஆகாது, அன்பளிப்பு ஆகிவிடும். வெளிநாட்டுப் பயணிக்கு அன்பளிப்பு விலக்கு 100 டாலர்தான். கொடுக்கப் போவதை அறிவிக்கத்தான் வேண்டும், 100 டாலருக்கு மேல் போனால் வரி வரலாம். கல்யாணத்தில் போட்ட நகையை மகளுக்குக் கொடுத்தனுப்ப வேண்டுமென்றால், அவள் ஊருக்கு வந்து போகும்போது அவளே போட்டுக்கொண்டு, அவள் பெயரில் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு போவதே எல்லா வகையிலும் சுத்தம். அடுத்த முறை தம்பி கல்யாணத்துக்கு அதே நகையோடு வரும்போதும் அந்தத் தாள் பேசும்.

வைத்துவிட்டுப் போனால் எங்கே

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் சொல்வது வங்கி லாக்கர். அதில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் கொண்டுவந்த விதிப்படி தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி போன்றவற்றால் லாக்கரில் இருந்தது போனால் வங்கியின் பொறுப்பு வருட வாடகையைப் போல 100 மடங்கு. வருடம் 3,000 ரூபாய் வாடகை என்றால் 3 லட்சம், சவரன் ஒரு லட்சம் என்ற விலையில் மூன்று சவரன். உள்ளே 40 சவரன் இருந்தாலும் அதேதான், ஏனென்றால் உள்ளே என்ன வைத்தீர்கள் என்று வங்கிக்குத் தெரியாது. வெள்ளம், பூகம்பம், இடி போன்றவற்றுக்கு அந்தப் பொறுப்பும் இல்லை. லாக்கர் உடைபடுவது அபூர்வம் என்பதால்தான் நாம் நிம்மதியாக இருக்கிறோம். காப்பீடு இருப்பதால் அல்ல.

லாக்கர் இருக்கிறவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். லாக்கர் திறக்கப்பட்டால் அன்றைக்கே எஸ்.எம்.எஸ்.சும் மின்னஞ்சலும் வங்கி அனுப்ப வேண்டும் என்பது விதி. வெளிநாட்டில் இந்திய சிம்மை அணைத்து வைத்திருப்பீர்கள், எஸ்.எம்.எஸ். வராது. மின்னஞ்சல் முகவரி பதிவாகியிருக்கிறதா என்று கிளையில் கேட்டுவிட்டுப் போங்கள். அடுத்து, லாக்கர் கணவன் மனைவி பெயரில் மட்டும் இருந்து இருவரும் வெளியே போனால், அவசரத்துக்குத் திறக்க ஊரில் ஆளில்லை. வைக்கும்போது நகைகளைத் தனித்தனி மல் துணியில் சுற்றுங்கள். முத்தைப் பிளாஸ்டிக்கில் அடைத்தால் மங்கும், வெள்ளியோடு சேர்த்தால் கறை ஏறும், அரக்கு நிரப்பிய நகைமேல் கனமான எதையும் வைத்தால் நசுங்கும்.

லாக்கர் கிடைக்காதவர்கள், கிளையில் காத்திருப்புப் பட்டியலில் எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், நம் பக்கத்தில் காலங்காலமாகச் செய்வது ஒன்று உண்டு: நகைக்கடன். பணத்தேவைக்காக அல்ல, காவலுக்காக. இதைச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அடகு என்ற சொல்லே கௌரவக் குறைவு. கணக்கு என்னவோ அதன் பக்கம்தான் நிற்கிறது. 40 சவரனை வைத்து 50,000 ரூபாய் மட்டும் கடன் வாங்குகிறீர்கள். வட்டி 9 சதவீதம் என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு 1,125 ரூபாய், அதோடு மதிப்பீட்டுக் கட்டணம். இங்கே நகையை எடை போட்டு, தரம் பார்த்து, எழுதி வாங்கி வைப்பது வங்கியே. அதனால் தொலைந்தால் "என்ன இருந்தது என்று தெரியாது" என்று சொல்ல வழியில்லை. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக்கடன் விதிகள் இதை இன்னும் இறுக்கியிருக்கின்றன: மதிப்பிடும்போது கடன் வாங்குகிறவர் நேரில் இருக்க வேண்டும், எடையும் படமும் உள்ள சான்று தர வேண்டும், கடனை முழுதும் அடைத்த பிறகு ஏழு வேலை நாளுக்குள் நகையைத் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

இதிலும் சிக்கல்கள் உண்டு. உரைகல்லில் தேய்க்கும்போது நுணுக்க வேலைப்பாடுள்ள நகையில் கோடு விழும். கல் எடையைக் கழித்துவிடுவதால் கல் செட்டுக்கு மதிப்பு குறைவாக வரும். காவல்தான் நோக்கம் என்றால் அது பரவாயில்லை, ஆனால் பட்டியலில் கல் எண்ணிக்கை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒருவருக்கு எல்லா நகைக்கடனும் சேர்த்து தங்க நகை 1 கிலோவுக்கு மேல் போக முடியாது. அசலும் வட்டியும் கடைசியில் ஒரே தடவையாகக் கட்டும் கடன் 12 மாதத்துக்கு மேல் ஓடாது, ஆகவே இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலைக்குப் போகிறவருக்கு இது உதவாது. தவணை தவறினால் ஏலம். நோட்டீஸ் பூட்டிய வீட்டுக்குத்தான் வந்து விழும். வைப்பதாக இருந்தால் பொதுத்துறை வங்கியில் வையுங்கள். பஜார் அடகுக் கடையில் அவசரப் பணம் வாங்கலாம், ஐந்து மாதக் காவலுக்கு வைக்க வேண்டாம்.

வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவது எல்லாவற்றிலும் கீழ். காவல் நிலையத்தில் பூட்டிய வீடு என்று தகவல் சொன்னால் ரோந்தில் பார்ப்பார்கள், சொல்லத்தான் வேண்டும், ஆனால் அது வீட்டுக்கு. இருபது சவரனுக்கு அல்ல. அண்ணன் வீட்டில் கொடுத்து வைப்பது அதைவிட மேல்தான், ஒரு நிபந்தனையோடு: பட்டியல் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தத்துக்குள் கையெழுத்தா என்று சங்கடமாக இருக்கும். அண்ணி ஒரு முகூர்த்தத்துக்கு ஆரத்தைப் போட்டுக்கொண்டு போய், திரும்பி வரும்போது ஒரு கெம்புக் கல் விழுந்திருந்தால் வரும் சங்கடம் அதைவிட நீளமானது.

கவரிங் போதாதா

கல்யாணத்துக்குப் போய் நாலு நாளில் திரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் போதும். சிதம்பரம் கவரிங்கோ ஒரு கிராம் தங்க செட்டோ ஆரணிப் பட்டோடு போட்டால் மேடையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. காதில் மட்டும் சொந்தத் தோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். முலாமுக்கு அடியில் இருக்கும் உலோகம் சிலருக்குக் காதில் புண் வைக்கும், வியர்வை பட்டால் நிறமும் போகும்.

கவரிங்குக்கும் பில் கையில் இருக்கட்டும். சுங்க அதிகாரிக்கும் தூரத்திலிருந்து அது தங்கம்தான். திருடனுக்கும் அப்படித்தான் தெரியும்; கழுத்திலிருந்து அறுத்துப் போகிறவன் உரைகல் கொண்டுவருவதில்லை. இழப்பு குறையுமே தவிர அறுபடும் ஆபத்து அதேதான், ஆகவே கல்யாண மண்டபம் வரை பையில் கொண்டுபோய் அங்கே போட்டுக்கொள்வது நல்லது.

எப்படிப் பிரித்தாலும் எடுத்துப் போகக் கூடாத ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: பாட்டி காலத்து வைர ஏழுகல் தோடு, எட்டுக்கல் பேசரி (மூக்குத்தி). பில் இருக்காது. பின்னால் மூடிக் கல் பதித்த பழைய வேலையில் கல்லின் பின்பக்கம் தெரியாது, கல் மாறினாலும் உடனே கண்டுபிடிக்க முடியாது. விலை சொல்ல மதிப்பீட்டாளரே யோசிப்பார். தொலைந்தால் அதே போல் கிடைக்காது. ஆரம்பத்தில் சொன்ன மூன்று கேள்விகளில் இரண்டில் அது தோற்றுவிடுகிறது.

காட்பாடி அம்மாவுக்கு எங்கள் கணக்கு இது: தாலிச்சரடு, சின்னத் தோடு, இரண்டு வளையல் உடம்பில், பேரனுக்குப் போடும் அரைஞாணும் மோதிரமும் பில்லோடு கைப்பையில், அங்கே இறங்கும்போது அன்பளிப்பு என்று அறிவிக்கத் தயாராக, மற்றதெல்லாம் லாக்கர் அல்லது நகைக்கடன். மலேசியா கல்யாணத்துக்குப் போகும் குடியாத்தம் குடும்பத்தில் மணமக்களின் நெருங்கிய உறவு மட்டும் ஒரு ஆரம், ஒரு நெக்லஸ் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட்டோடு எடுத்துப் போகலாம், மற்றவர்களுக்குக் கவரிங். வாணியம்பாடிப் பெண் கருகமணியும் தினப்படி நகையும் போட்டுக்கொண்டு போகட்டும். அங்கே புதிதாக வாங்கும் ஆசை இருந்தால் பழைய நகையை மாற்றாமல் தனியாக வாங்கி, பில் வைத்து, சென்னையிலோ பெங்களூரிலோ இறங்கி சிவப்பு வழியில் வரி கட்டிவிடுவது உத்தமம்.

புறப்படும் இரவின் நேரக் கணக்கையும் இதோடு சேர்த்துப் போட வேண்டும். விடிகாலை 4 மணி விமானம் என்றால் 1 மணிக்கு நிலையத்தில் இருக்கச் சொல்வார்கள். சர்டிபிகேட்டுக்கு ஒரு மணி நேரம் கூட்டினால் நள்ளிரவு 12. வேலூரிலிருந்து மீனம்பாக்கம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். வாலாஜாவைத் தாண்டிச் சாலை வேலை நடந்தால் இழுக்கும், மூன்று மணி நேரம் வையுங்கள். ஆக 9 மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். வழியனுப்ப வந்த கூட்டத்தின் நடுவில் நகைப் பையைப் பெட்டிக்கு மாற்றுவது, எண்ணிப் பார்ப்பது எல்லாம் வேண்டாம். அதைப் பகலிலேயே கதவைச் சாத்திக்கொண்டு முடித்துவிடுங்கள். நகை இருக்கும் கைப்பை டிக்கியில் போகக் கூடாது, மடியில் இருக்கட்டும். காஞ்சிபுரம் பக்கம் டீக்கு நிறுத்தினால் அந்தப் பையும் கூடவே இறங்க வேண்டும்.